'வழிமாற்று' இருக்கட்டும், நூலக விக்கிக்குக் 'காண்சுட்டு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விக்கியில் ஒரு பெயரைத் தட்டியவரைத் தானாகவே வேறு தலைப்பின் பக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும் வசதியை (redirect) 'வழிமாற்று' என்கிறோம். நூலக விக்கியில் அதைக் 'காண்சுட்டு' எனலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த ஒரு பதில்:

> 'வழிமாற்று' வேரூன்றிவிட்ட சொல். அதை ஏன் பிடுங்க வேண்டும்?

பிடுங்கச் சொல்லவில்லை, ஐயா. நூலக விக்கிக்கு மட்டும் வேறு சொல் கேட்கிறேன். வழிமாற்று என்றதும் பள்ளம் தோண்டிப் பலகை வைத்து, வண்டிகளைச் சுற்றிப் போகச் சொல்லும் சாலைதான் நினைவுக்கு வருகிறது. விக்கியில் நடப்பதோ நேர்மாறு. சுற்றவிடாமல் நேரே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

எந்தப் பொருளுக்கு எந்த நூல் என்று காட்டும் எங்கள் பொருள் வழிகாட்டி விக்கியின் தேடல் பதிவைப் பார்த்தேன். 'ரசாயனம்', 'இரசாயனம்', 'வேதியல்' என்று தட்டியவர்கள் எல்லோரும் வெறுங்கையுடன் திரும்பியிருக்கிறார்கள். நாங்கள் வைத்த தலைப்பு 'வேதியியல்'. சொ. விருத்தாசலத்தைத் தேடியவருக்குப் புதுமைப்பித்தன் அகப்படவில்லை.

நூலகத்துக்கு இது பழைய தலைவலி, மருந்தும் பழையதுதான். 'விருத்தாசலம், சொ. காண்க: புதுமைப்பித்தன்' என்று நூற்பட்டியல் இழுப்பறையில் ஓர் அட்டை இருக்கும். அமெரிக்க நூலகர் கட்டர் 1876இல் வெளியிட்ட பட்டியல் விதிகளிலேயே இத்தகைய 'காண்க' குறிப்புக்கு இடமுண்டு. வார்ட் கன்னிங்காமின் முதல் விக்கி வந்தது 1995இல். அட்டையில் இருந்த 'காண்க'வை எடுத்துத்தான் 'காண்சுட்டு' என்கிறேன்.

முதலில் 'ஆற்றுப்படுத்து' என்றே எழுதிவைத்திருந்தேன். ஆற்றுப்படை பாடிய மொழிக்கு அதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் உளவள ஆலோசனைக்காரர்கள் முந்திக்கொண்டு அதைத் தங்கள் பணிக்குப் பெயராக்கிவிட்டார்கள். வேதியியல் தேடி வந்தவர் மிரண்டுபோவார்.

'மேலும் காண்க' என்பதோடு குழம்பாதா என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். குழம்பாது. 'காண்க' அட்டையில் நூலே இராது, போகவேண்டிய தலைப்பு மட்டும் இருக்கும். 'மேலும் காண்க' அட்டையோ, அத்தலைப்பில் இருக்கும் நூல்களோடு தொடர்புள்ள வேறு தலைப்பையும் காட்டுவது. ஆனால் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன்: அட்டை காட்டும், நடப்பது நாம், விக்கி தானே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. 'சுட்டு' என்பதில் அந்த வேகம் இல்லை.

எங்கள் விக்கியில் எழுதப் பழகும் மாணவர்களை முதல் நாளே கட்டுரை எழுதச் சொன்னால் விசைப்பலகையில் கை வைக்கவே தயங்குகிறார்கள். அதனால் காண்சுட்டில் தொடங்கச் சொல்கிறேன். ஒரே வரிதான், ஆனாலும் எது தலைப்பு, எது மாற்று வடிவம் என்று யோசித்தாக வேண்டும். 'வேதியல்'தான் தலைப்பாக வேண்டும் என்று ஒரு மாணவி பேச்சுப் பக்கத்தில் அரைப்பக்கம் வாதாடியிருக்கிறாள். இன்னும் பதில் எழுதவில்லை.

வினையாக்கும்போதுதான் இடறுகிறது. 'காண்சுட்டு இடு' நீளம். 'சுடு' என்று குறுக்கினால் துப்பாக்கி எட்டிப்பார்க்கிறது. யாரிடமாவது நல்ல வினை இருக்கிறதா?