தட்டு தூக்கினால் டிப்ஸில் பங்கு உண்டா?

வாணி: அமெரிக்க ரெஸ்டாரன்ட் சர்வர்கள் ஒன்றுசேர்ந்து சம்பள பாக்கிக்கு வழக்குப் போடுவது பேராசையாம், டிப்ஸ்தான் கொட்டுகிறதாம். செந்தில் நேற்று எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மத்தியச் சட்டப்படி முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், 1991-லிருந்து இதே தொகைதான். மீதியை டிப்ஸ் நிரப்பி, குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் ஆக்க வேண்டும். அந்த டிப்ஸிலும் மேனேஜர் கைவைத்தால் என்ன மிஞ்சும்?

செந்தில்: மேனேஜரும் தட்டு தூக்குகிறார். உழைத்தவருக்குப் பங்கு உண்டு.

வாணி: கிடையாது. 2018-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். சர்வர்களின் டிப்ஸில் மேனேஜர் பங்கு எடுக்கக் கூடாது. அவர் மட்டுமே தனியாகக் கவனித்த மேசையில் நேராக அவரிடம் கொடுத்தது மட்டும் அவருடையது.

செந்தில்: ஆக, தட்டு தூக்கினால் உண்டு! நன்றி மேடம்.

மூர்த்தி: கலிபோர்னியாவில் டிப்ஸைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. அதையும் சொல்லுங்கள்.

வாணி: மூர்த்தி சார், எந்த விவாத இழை வந்தாலும் உங்களுக்குக் கலிபோர்னியாதானா? கிளாக்-அவுட், அதாவது வேலை முடிந்தது என்று பதிவு, போடச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் மேசை துடைக்க வைக்கிறார்களே, அந்த நேரத்துக்கு ஒரு காசும் இல்லை. அதைப் பேசுங்கள்.

செந்தில்: அதற்குக் கணக்கு எங்கே?

வாணி: கணக்கு வைப்பது முதலாளியின் கடமை. அவர் வைக்காத தவறுக்குத் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது, நியாயமான மதிப்பீடு போதும் என்று 1946-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. தனி ஆளின் பாக்கி சில நூறு டாலர் என்றால் எந்த வக்கீல் வருவார்? அதனால்தான் சேர்கிறார்கள். அதிலும் ஒவ்வொருவரும் எழுதிச் சம்மதம் தர வேண்டும். அதுவரை பாக்கி கேட்க அவரவருக்கு உள்ள இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

மூர்த்தி: தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் தனியார் நடுவரிடம் போவேன் என்ற மத்தியஸ்த ஒப்பந்தத்தில் வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தால்? கூட்டு வழக்கை அது தடுக்கலாம் என்று அதே 2018-ல் தீர்ப்பு வந்ததே.

செந்தில்: படித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள்?

வாணி: வேலை வேண்டும் என்று நிற்பவர் அந்தக் காகிதத்தை மறுக்க முடியுமா? வாடகை இழையிலும் நீங்கள் இப்படித்தான் வீட்டுக்காரர் பக்கமே நின்றீர்கள்.

செந்தில்: வாடகையை ஏன் இழுக்கிறீர்கள்? மேனேஜர் தட்டு தூக்கினாரா இல்லையா?

வாணி: பத்துத் தட்டு தூக்கட்டும். அடுத்தவர் டிப்ஸ் அவருடையது ஆகாது.