மேற்கு மாம்பலம் அடுக்ககக் குழு: சி-3 அம்மா குறித்து

ஏ-2 செயலாளர், காலை 9.10
அனைவருக்கும் வணக்கம். இன்று எட்டரை மணி வரை சி-3 அம்மாவின் கதவில் பால் பை அப்படியே தொங்கியதால், நானும் காவலாளியும் நான்கைந்து முறை அழைப்புமணி அடித்துப் பார்த்தோம். கடைசியில் அவரே கதவைத் திறந்து, மணி காதில் விழவில்லை என்றார். நலமாகத்தான் இருக்கிறார். ஆனாலும், அவசரமென்றால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பது நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லையே என்று மனம் உறுத்துகிறது.

சி-4, 9.18
பதினோரு ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். உறவினர் என்று யாரும் வந்து பார்த்ததில்லை. இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறது, சில நாள்களில் பேச்சுக்குரலும் கேட்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலா, அல்லது ஏதேனும் மனத்தாங்கலா?

பி-1, 9.21
அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை என்று பழைய காவலாளி சொன்னதாக நினைவு.

பி-4 டீச்சர், 9.40
தயவுசெய்து இந்தப் பேச்சை இத்துடன் நிறுத்துவோம். அவர் இந்தக் குழுவில் இல்லை. என் அம்மாவும் அவரும் சென்னைத் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டர்களாக, அதாவது வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தருபவர்களாக, ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு எண் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்துவிட்டாலும், அதற்குப் பின்னும் நெடுங்காலம் நம் மக்கள் டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். சாவுச் செய்தியென்றால் எட்டு மடங்கு கட்டணத்தில், உடனே இணைப்புக் கிடைக்கும் லைட்னிங் கால். மூன்று நிமிடம் முடிந்ததென்று ஆபரேட்டர்தான் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பதால், எத்தனையோ வீடுகளின் அழுகை அவர் காதில் விழுந்திருக்கிறது. கேட்டதை வெளியே சொல்வது 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி அப்போது குற்றமாக இருந்தது. ஓய்வுபெற்று இத்தனை ஆண்டுகள் கழிந்தும், அதில் ஒன்றைக்கூட அவர் என் அம்மாவிடம் சொன்னதில்லை.

இரவுப் பணி பார்த்த உடம்பு என்பதால் இரண்டு மணிக்கு அவருக்கு உறக்கம் பிடிப்பதில்லை. ஹெட்போன் மாட்டியிருந்த இடது காது இப்போது கேட்பதில்லை. நாம் பேசும்போது வலது காது நம் பக்கம் வரும்படி முகத்தைத் திருப்பி, நாம் முடித்த பிறகும் ஒரு நொடி காத்திருந்துதான் பதில் சொல்வார், கவனித்துப் பாருங்கள். இரவில் யாருடன் பேசுகிறார் என்பதை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

சி-4, 9.52
நான் கேட்ட விதம் தவறு, மன்னியுங்கள். என் கணவர் ஊரில் இல்லாத இரவுகளில் அந்த விளக்கைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வரும்.

ஏ-2 செயலாளர், 9.58
டீச்சர், அவருக்கு என்ன உதவி வேண்டும் என்று நீங்களே நேரில் கேட்டுச் சொல்லுங்கள். மணி அடித்தால் விளக்கு எரியும் அழைப்புமணி ஒன்றைச் சங்கச் செலவில் பொருத்தலாம். முதியோர் உதவி எண் 14567-ஐயும் எழுதிக் கொடுங்கள்.

பி-4 டீச்சர், மாலை 5.35
பேசிவிட்டு வந்தேன். விளக்கு மணிக்குச் சம்மதித்தார், செலவைத் தாமே ஏற்பதாகச் சொல்லிவிட்டார். உறவினர் ஒருவரின் எண்ணை உறையில் இட்டு ஒட்டி என்னிடம் தந்திருக்கிறார். தேவை வந்தாலொழிய அதைப் பிரிக்க மாட்டேன். நாளை முதல் தினமும் காலை ஆறரைக்கு என் வீட்டுத் தொலைபேசியில் ஒரே ஒரு மணி ஒலிக்கவிட்டு வைத்துவிடுவாராம். எடுக்க வேண்டாம் என்றார்.