பேச்சியம்மன் வகையறா 🙏 (குடும்பம் மட்டும்)

திங்கள்கிழமை

[காலை 5:38] முத்து: பிணவறை வாசல்ல இருக்கேன். ஏட்டு ஒருத்தர் வந்து பேப்பர்ல கையெழுத்து கேக்கறாரு. திருவிழாவுல போலீஸ் அடிச்சு செத்த நம்ம பாண்டி, பைக்ல இருந்து விழுந்து செத்ததா எழுதிருக்கு. போடவா

[5:38] வக்கீல் கண்ணன்: போடாத

[5:38] வக்கீல் கண்ணன்: எதுலயும் போடாத

[5:39] வக்கீல் கண்ணன்: பேப்பர போட்டோ எடு. விடலன்னா வாசிச்சு வாய்ஸ்ல போடு

[5:41] தவசி மாமா: ஏப்பா, கையெழுத்து போட்டாத்தான பி.எம் (போஸ்ட்மார்ட்டம்) பண்ணுவான். பிள்ளைய எத்தன நேரம் ஐஸ்ல போட்டு வைக்கிறது. அக்கா இங்க விடிய விடிய மயங்கி மயங்கி விழுது

[5:42] வக்கீல் கண்ணன்: அப்பா, அதுக்கும் பி.எம்முக்கும் சம்மந்தம் இல்ல

[5:49] ராமர் பெரியப்பா: முத்து, நிதானமாப் படி. உங்கிட்ட மூணு பேப்பர் வரும். முதல் பேப்பர் புகார் வாக்குமூலம். நீ அதுல என்ன சொல்றியோ அதுதான் எஃப்.ஐ.ஆர். "எங்களுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்லை"ன்னு கடைசி வரியில சேத்துருப்பாங்க, அந்த ஒரு வரி பின்னாடி கோர்ட்ல உன் கழுத்தைப் பிடிக்கும். ரெண்டாவது பிரேத விசாரணை. பஞ்சாயத்தார்னு ஊர்ல நாலஞ்சு பேர உக்கார வச்சு உடம்புல தெரியற காயத்த எழுதுவாங்க. சட்டையக் கழட்டி முன்னாடி பின்னாடி ரெண்டும் பாக்காம யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. மூணாவது உடலைப் பெற்றுக்கொண்டேன்னு ரசீது. அது கடைசி. முதல் பேப்பர நீயே உன் கைப்பட எழுதிக் குடு, அவங்க எழுதுனதுல போடாத. நேரம் போட்டு எழுது.

[5:50] சிங்கப்பூர் செந்தில்: அப்பா உங்க போலீஸ் டிபார்ட்மெண்ட் பாடம் இப்ப வேணாம். உங்க ஆளுங்கதான அடிச்சது

[5:51] மாரியம்மா அத்தை: 🎤 வாய்ஸ் மெசேஜ் (0:48)

[5:52] மாரியம்மா அத்தை: டேய் செந்திலு அவன் சொல்லட்டும்டா. தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான் இருக்கான்

[5:53] பூமா சித்தி: 🌹 இனிய திங்கள் காலை வணக்கம். சிவன் அருளால் இந்த வாரம் இனிதே அமையட்டும் 🌹

[5:53] கவிதா நர்ஸ்: சித்தி!!!

[5:54] பூமா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[5:55] பூமா சித்தி: தப்பா எடுத்துக்காதீங்கப்பா, தானா போயிருச்சு. நான் 7 மணி பஸ்ல வாரேன்

[5:58] கவிதா நர்ஸ்: முத்து மச்சான், ஏ.ஆர் காப்பி கைல இருக்கா? விபத்துப் பதிவேடு. ஞாயித்துக்கிழமை காலையில 108ல கொண்டுபோனப்ப முதல் ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டர் எழுதினது

[5:59] முத்து: இல்ல. என்ன எழுதினாங்கன்னு தெரியாது

[6:02] கவிதா நர்ஸ்: அதுல ஒரு வரி இருக்கும். எப்படி அடிபட்டதுன்னு கூட வந்தவங்க சொன்னத எழுதுவாங்க. யார் சொன்னாங்கன்னும் இருக்கும். "பைக்கில் இருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது"ன்னு இருந்தா, அதச் சொன்னது யாரு? அப்ப கூட இருந்தது யாரு?

[6:03] முத்து: நானும் அம்மாவும். நாங்க போலீஸ் அடிச்சதுன்னுதான் சொன்னோம். ஒரு போலீஸ்காரரும் நின்னாரு

[6:04] கவிதா நர்ஸ்: அதான். உடனே காப்பிக்கு எழுதிக் குடுங்க. 108ல ஏத்தினப்ப அவங்க எழுதுன சீட்டும் இருக்கும், போன் வந்த நேரத்தோட

[6:06] தவசி மாமா: நடந்து வந்து சோறு தின்னுட்டுப் படுத்தவன் எப்படி லத்தியடில செத்தான்னு இன்ஸ்பெக்டர் கேக்கறாரு. அதுக்குப் பதில் சொல்லுங்க மொதல்ல

[6:11] கவிதா நர்ஸ்: பதில் இருக்கு. காதுக்கு மேல மண்டையோடு மெல்லிசு, அதுக்கு உள்பக்கமா ஒரு ரத்தக்குழாய் ஓடுது. அங்க அடி விழுந்து எலும்பு விரிசல் விட்டா அந்தக் குழாய் கிழிஞ்சு, எலும்புக்கும் மூளைய மூடின சவ்வுக்கும் நடுவுல ரத்தம் சேரும். சேரச் சேரத்தான் மூளைய அமுக்கும். அதுவரைக்கும் ஆள் நல்லாத்தான் பேசுவான், சில மணி நேரம் கூட. அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கம், ஒரு கண்ணு பாவை பெருசாகும். சனி ராத்திரி 11க்கு அடி, 1:30க்கு ஸ்டேஷன்ல இருந்து விட்டாங்க, விடிகாலை 5க்கு வாந்தி. அப்படியே பொருந்துது

[6:12] கவிதா நர்ஸ்: காயம் எந்தப் பக்கம் மச்சான்

[6:12] முத்து: இடது காதுக்கு மேல. ஆபரேஷன் பண்ணதால கட்டு போட்டுருக்கு

[6:16] கவிதா நர்ஸ்: ஆபரேஷன்ல அந்த எடத்துலயே முடி மழிச்சு, வெட்டித் திறந்துருப்பாங்க. பழைய காயம் அதுல போயிருக்கும். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த சி.டி ஸ்கேன் டிஸ்க்கும் கேஸ் ஷீட்டும் பி.எம் பண்ற டாக்டர் கைக்குப் போகணும். இன்னொண்ணு: சும்மா நிக்கற தலையில தடி விழுந்தா பெரும்பாலும் அடிபட்ட பக்கத்து மூளைதான் கன்றும். விழுற வேகத்துல தலை தரையில மோதினா எதிர்ப்பக்கம் கன்றும். அது ஒண்ண மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாது, ஆனா ரெண்டு பக்கமும் பாத்து எழுதச் சொல்லிக் கேக்கணும்

[6:17] சிங்கப்பூர் செந்தில்: ⏩ பலமுறை பகிரப்பட்டது: "திருவிழாவில் ரப்பர் தோட்டா! அதிர்ச்சிப் படங்கள்"

[6:18] சிங்கப்பூர் செந்தில்: இது நம்ம ஊரா?

[6:19] முத்து: இல்லண்ணே. படத்துல இருக்கற போர்டு இந்தில இருக்கு

[6:20] வக்கீல் கண்ணன்: செந்தில் மச்சான், ப்ளீஸ் எதையும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. ஒரு பொய்ப் படம் போதும், மொத்தத்தையும் வதந்தின்னு கேஸ் போட

[6:29] ராமர் பெரியப்பா: ரப்பர் தோட்டாவும் இல்ல, கண்ணீர்ப்புகையும் இல்ல. வெறும் லத்திதான். அதனாலதான் கேள்வி இன்னும் கூடுது. கூட்டத்தக் கலைக்கணும்னா பி.என்.எஸ்.எஸ், அதாவது புது குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதுல 148ஆவது பிரிவு. தாசில்தார் மாதிரி நிர்வாக நடுவர், இல்ல ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாட்டி எஸ்.ஐ தரத்துக்குக் கொறையாதவர் கலைஞ்சு போங்கன்னு உத்தரவு போடணும். மெகாஃபோன்ல சொல்லி, காதுல விழுந்து, கலைய நேரம் குடுத்து, அதுக்கப்புறம்தான் பலம். அடியும் இடுப்புக்குக் கீழ, தொடை, கெண்டைக்கால். தலை, கழுத்து, காறை எலும்பு கூடாதுன்னுதான் பயிற்சியே. லத்தி தலைக்குப் போச்சுன்னா அது உயிர எடுக்கற ஆயுதம், அப்புறம் என்ன சின்ன பலம் பெரிய பலம். ஆகையால கேள்வி இப்படி எழுதணும். 1) உத்தரவு போட்டது யாரு, எத்தன மணிக்கு? 2) எச்சரிக்கை குடுத்ததுக்கு வீடியோ இருக்கா? 3) அன்னிக்கு பந்தோபஸ்து ஸ்கீம்ல தேர் முக்குல எந்தப் பார்ட்டி நின்னுச்சு? ஸ்கீம்ல யார் யாருக்கு எந்த எடம்னு பேரோட இருக்கும். லோக்கல் ஸ்டேஷனா, ஆயுதப்படையான்னு அதுலதான் தெரியும். 4) ஸ்டேஷன் தினக்குறிப்பு ஜி.டில பாண்டிய உள்ள கொண்டுவந்த நேரம், வெளிய விட்ட நேரம். 5) வயர்லெஸ் மைக்ல கன்ட்ரோல் ரூமுக்கு என்ன சொன்னாங்க.

[6:30] தவசி மாமா: 👍

[6:30] தவசி மாமா: கை தவறிப் பட்டுச்சு

[6:32] வக்கீல் கண்ணன்: ராமர் மாமா சொல்ற அஞ்சும் புகார்ல போகுது. ஒண்ணு மட்டும் கவனம். 148ன்னு நாமளே எழுதிக் குடுத்துடக் கூடாது. அந்தப் பிரிவுல நல்லெண்ணத்தோட கலைச்சோம்னு காட்டினா 151 பாதுகாப்பு வந்துரும், அரசு அனுமதி இல்லாம வழக்கு நடக்காது. பாண்டிய கூட்டத்துல அடிச்சாங்களா, ஸ்டேஷனுக்குள்ள அடிச்சாங்களா, ரெண்டுமா?

[6:34] முத்து: ரெண்டும்னு சொன்னான். முதுகுல கோடு கோடா இருந்துச்சு

[6:34] கவிதா நர்ஸ்: போட்டோ?

[6:35] முத்து: ஞாயித்துக்கிழம காலையில 108 வரதுக்குள்ள ஒண்ணு எடுத்தேன். இருட்டா இருக்கு

[6:38] கவிதா நர்ஸ்: அழிக்காத. ஒரு அடிக்கு ரெண்டு செவப்புக் கோடு, நடுவுல வெளுத்து இருந்தா அது உருண்டைத் தடி. தார் ரோட்டுல விழுந்தா சிராய்ப்புதான் வரும், தண்டவாளம் மாதிரி கோடு வராது. நடுவுல இருக்கற அகலம் தடியோட பருமனுக்கு ஒட்டி இருக்கும். ஆழமான கன்றல் மேல தெரிய ஒரு நாள், ரெண்டு நாள் கூட ஆகும், நம்ம நிறத்துல இன்னும் லேட்டு. அதனால இன்னிக்கு பி.எம்முக்கு முன்னாடி மறுபடி எடுக்கணும், பக்கத்துல ஸ்கேல் வச்சு, பகல் வெளிச்சத்துல

[6:39] மாரியம்மா அத்தை: அந்த சட்டைய அண்ணி சோப்புத் தண்ணில ஊறப் போட்டுருச்சுப்பா. ரத்தம் பாக்க முடியலன்னு

[6:39] வக்கீல் கண்ணன்: ஐயோ

[6:40] வக்கீல் கண்ணன்: கசக்க வேணாம். எடுத்து நிழல்ல காய வைங்க. கைலி, பனியன் எதுவும் தொடாதீங்க. பேப்பர் கவர்ல போடுங்க, பிளாஸ்டிக்ல போட்டா பூசணம் பிடிக்கும்

[6:41] தவசி மாமா: சட்டை துவைச்சதுக்கு என் அக்காளக் குத்தம் சொல்லாதீங்க

[6:41] வக்கீல் கண்ணன்: யாரும் சொல்லலப்பா

[6:42] தவசி மாமா: இந்தக் குடும்பத்துல எல்லாமே அவ தலையிலதான் விடியும். பம்புசெட்டுப் பங்கு பிரிச்சப்பவும் அப்படித்தான்

[6:43] ராமர் பெரியப்பா: தவசி, அதுக்கு இது நேரமில்ல

[6:43] தவசி மாமா: எப்பதான் நேரம்

[6:44] மாரியம்மா அத்தை: 🎤 வாய்ஸ் மெசேஜ் (1:57)

[6:47] வக்கீல் கண்ணன்: பைக் எங்க இருக்கு?

[6:47] முத்து: வீட்டு வாசல்லதான். திருவிழாவுக்கு நடந்துதான் போனான். ஒரு கீறல் இல்ல

[6:50] வக்கீல் கண்ணன்: நாலு பக்கமும் வீடியோ எடு, கிலோமீட்டர் மீட்டரோட. யாரும் ஓட்டக்கூடாது. விபத்துன்னு கேஸ்னா வண்டிய பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து சர்டிபிகேட் குடுக்கணும். அதுக்குன்னு எடுத்துட்டுப் போக வருவாங்க. மகஜர் (சாட்சி வச்சு எழுதற கைப்பற்றல் குறிப்பு) போட்டு, அதுல "சேதம் ஏதும் இல்லை"ன்னு எழுதி, சாட்சி கையெழுத்தோடதான் குடுக்கணும்

[6:51] பூமா சித்தி: ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லியாச்சா? நம்ம தெரு ஆளு ஒரு நாளைக்கு 2500 சொல்றான்

[6:52] தவசி மாமா: சொல்லு

[6:52] வக்கீல் கண்ணன்: சொல்லாதீங்க சித்தி. பாடி இன்னிக்கு வருமான்னே தெரியல

[6:52] கவிதா நர்ஸ்: எம்பாமிங்கும் வேணாம். ஃபார்மலின் ஏறினா அப்புறம் எந்த டெஸ்ட்டும் சரியா வராது. போதைல விழுந்தான்னு வேற சொல்லுவாங்க. ஒரு நாள் முழுக்க சிகிச்சையில இருந்த உடம்புல சனி ராத்திரி சாராயம் மிச்சம் இருக்காது, அட்மிஷன்ல எடுத்த ரத்தமும் அப்ப டாக்டர் எழுதுன குறிப்பும்தான் பேசும்

[6:54] சிங்கப்பூர் செந்தில்: பாடி வாங்க மாட்டோம்னு ரோட்டுல உக்காரணும். நான் 50,000 அனுப்பறேன்

[6:55] தவசி மாமா: அங்க ஏசில உக்காந்துட்டு இங்க ரோட்டுல உக்காரச் சொல்லு

[7:03] வக்கீல் கண்ணன்: ரெண்டு பேரும் இருங்க. ஸ்டேஷன்ல ரெண்டரை மணி நேரம் வச்சிருந்தாங்க, அதனால இது காவல் மரணம்னு நம்ம நிலை. வெளிய விட்டதுக்கப்புறம்தான செத்தான்னு அவங்க சொல்வாங்க. சண்டை அங்கதான். காவல் மரணம்னா பி.என்.எஸ்.எஸ் 196ன்படி ஜே.எம் (ஜுடிஷியல் மாஜிஸ்ட்ரேட்) விசாரணை. ஆர்.டி.ஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை அதுக்கு மாத்து இல்ல. சொந்தக்காரங்களுக்குத் தெரிவிச்சு விசாரணையில இருக்க விடணும்னும் அந்தப் பிரிவுலயே இருக்கு. ஹைகோர்ட் மதுரை கிளை 2020 டிசம்பர்ல காவல் மரணங்களுக்குன்னே சொல்லிருக்கு: பி.எம்முக்கு முன்னாடி குடும்பம் உடம்ப முன்னும் பின்னும் பாக்கலாம், படம் எடுக்கலாம். முழு உடம்பு எக்ஸ்ரே. தடயவியல் மேல்படிப்பு படிச்ச ரெண்டு டாக்டர். ஆரம்பத்துல இருந்து முடிவு வரை வீடியோ. பாத்துட்டு கோர்ட்டுக்குப் போறோம்னு எழுதிக் குடுத்தா குறைஞ்சது 48 மணி நேரம் பிணவறையில வச்சிருக்கணும்

[7:05] கவிதா நர்ஸ்: எக்ஸ்ரே ரொம்ப முக்கியம். முன்கைல சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவுல ஒடஞ்சிருந்தா, அது தலைக்கு வந்த தடியக் கையத் தூக்கித் தடுத்த கை. கை ஊனி விழுந்தா மணிக்கட்டுப் பக்கம் ஒடையும். உள்ளங்கால், பின்தொடையக் கீறிப் பாக்கச் சொல்லியும் எழுதுங்கண்ணே. மேல ஒண்ணும் தெரியாது, கீறினாத்தான் உள்ள ரத்தம் கட்டினது தெரியும்

[7:06] முத்து: இடது கைல கட்டு போட்டுருக்கு

[7:06] கவிதா நர்ஸ்: 🙏

[7:09] ராமர் பெரியப்பா: சி.சி.டி.வி. உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர்ல சொன்னது, ஸ்டேஷன் பதிவ 18 மாசம் வைக்கணும், அது முடியாத எடத்துல ஒரு வருஷத்துக்குக் கொறையாம. சத்தமும் சேத்துப் பதிவாகணும். ஆனா சாத்தான்குளம் ஸ்டேஷன்ல ஹார்ட் டிஸ்க்ல எடம் இருந்தும் தினம் தானா அழியற மாதிரி வச்சிருந்தாங்கன்னு மாஜிஸ்ட்ரேட்டே அறிக்கை குடுத்தாரு. அதனால பதிவ எடுத்து வைக்கச் சொல்லி இன்னிக்கே எஸ்.பிக்கு, ஜே.எம்முக்கு, மனித உரிமை ஆணையத்துக்கு. ஸ்பீடு போஸ்ட், மெயில் ரெண்டும். தேர் முக்கு நகைக்கடை கேமரா தனி. அது பத்துப் பதினஞ்சு நாள்ல மேல மேல பதிவாகிரும், கடைக்காரர்கிட்ட யாராவது இப்பவே பேசுங்க

[7:10] சிங்கப்பூர் செந்தில்: அப்பா, நீங்களே எஸ்.பி ஆபீஸ் போவீங்களா

[7:14] ராமர் பெரியப்பா: போறேன்

[7:15] மாரியம்மா அத்தை: தாமிரபரணில லத்திக்குத் தப்பி ஆத்துல இறங்கினவங்க, 17 பேரு செத்தாங்களே 99ல. தண்ணில முழுகிட்டாங்கன்னு பேசினாங்க. அவங்கள ஆத்துக்குள்ள விரட்டினது யாருன்னு கேட்டா பதில் இல்ல. இப்ப இவன் வண்டில விழுந்துட்டானாம்

[7:18] தவசி மாமா: 10 மணிக்கு ஆர்.டி.ஓ ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. டி.எஸ்.பியும் வாரார். ஒன்றியம் போன் பண்ணாரு. நிவாரணம், முத்துவுக்கு ஒரு வேலை, பேசித் தாரேங்கறாரு. சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவோம்னு சொல்லிட்டேன்

[7:18] வக்கீல் கண்ணன்: யாரக் கேட்டு சொன்னீங்க

[7:19] தவசி மாமா: தாய்மாமன் நான். யாரக் கேக்கணும்

[7:20] முத்து: மாமா அம்மாவ ஒரு வார்த்தை கேளுங்க

[7:23] வக்கீல் கண்ணன்: பேச்சுவார்த்தைக்குப் போகலாம். காசு வாங்கறதால கேஸ் சாகாது. ஆனா அங்க எதுலயும் கையெழுத்து கூடாது. "மேல் நடவடிக்கை வேண்டாம்"னு வரி இருக்கும். எஃப்.ஐ.ஆர் விபத்துப் பிரிவுல இருந்து கொலைப் பிரிவு 103க்கு மாத்தணும், ஜே.எம் வரணும். இந்த ரெண்டும் எழுத்துல. அதுக்கப்புறம் மத்தது

[7:26] வக்கீல் கண்ணன்: இன்னொண்ணு, கோவிக்காதீங்க. எரிக்க வேணாம். புதைக்கணும்

[7:26] தவசி மாமா: நம்மள்ல கல்யாணம் ஆகாத பிள்ளையப் புதைக்கறதுதான்

[7:27] மாரியம்மா அத்தை: இல்ல தவசி. எங்க வகையறால வயசுக்கு வந்துட்டா எரிதான். எங்கப்பா சொல்லிருக்காரு

[7:27] ராமர் பெரியப்பா: எரிச்சுட்டா ரெண்டாவது பி.எம்முக்கு வழியே கிடையாது. கண்ணன் சொல்றதுதான் சரி

[7:28] மாரியம்மா அத்தை: அண்ணிகிட்ட யார் சொல்றது இத

[7:31] முத்து: ஏட்டு மறுபடி வந்துட்டாரு. இப்ப எஸ்.ஐயும் கூட

[7:31] வக்கீல் கண்ணன்: வந்துட்டே இருக்கேன். 20 நிமிஷம். போன ரெக்கார்டுல போட்டு சட்டைப் பைல வை. எழுதிக் குடுக்கறேன்னு மட்டும் சொல்லு

[7:32] பூமா சித்தி: அப்ப இன்னிக்கு எடுக்கறதா இல்லையா? பந்தல்காரன் லைன்ல இருக்கான்

[7:33] தவசி மாமா: போடச் சொல்லு

[7:33] கவிதா நர்ஸ்: இருங்க சித்தி

[7:36] ராமர் பெரியப்பா: பந்தல் போடட்டும், இல்லன்னா வாரவங்க வெயில்ல நிக்கணும். எடுக்கற நேரம் சொல்ல வேணாம். முத்து, நகைக்கடைக்கு யார் போறா?