களச் செலவுக்குப் பற்றுச்சீட்டு: ஆய்வு நிதி விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

முறிகண்டிக்கச்சான்:

வணக்கம். அரசியல் விஞ்ஞானத்தில் எம்.பில். செய்துகொண்டு தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சிறிய ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், 12 மாதத்துக்கு. பிரதேச சபைகளுக்குள் 25 வீத ஒதுக்கீட்டால் வந்த பெண் உறுப்பினர்களின் சொல் சபையின் பாதீட்டில் எவ்வளவு எடுபடுகிறது என்பதுதான் விடயம். கிளிநொச்சியில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி மூன்றும், முல்லைத்தீவில் நான்கும் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். உறுப்பினர்களோடு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்களையும் சந்திக்க வேண்டும்.

ஆய்வுப் பகுதியை எழுதிவிட்டேன். செலவுப் பகுதியில்தான் நிற்கிறேன். எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டுமாம். துணுக்காயில் எந்த ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டு எழுதுவார்? சந்திப்புக்கு வரும் பெண்களுக்குப் பஸ் காசு கொடுத்தால் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. அதே விண்ணப்பத்தின் இன்னொரு பக்கத்தில், பங்குபற்றுவோர் யாரென்று வெளியே தெரியாமல் எப்படிக் காப்பாற்றுவாய் என்ற கேள்வி. இதற்கிடையில் மேற்பார்வையாளர் சேர், "நல்லிணக்கம் எண்ட சொல் ஒரு இடத்திலயாவது வரட்டும்" என்கிறார். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாலைப்பழம்:

தம்பி (தங்கச்சியோ தெரியவில்லை, பெயரைப் பார்த்தால் கச்சான் மட்டும்தான் தெரிகிறது), கையெழுத்திலிருந்து தொடங்குகிறேன். நான் சூடுபட்டது அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் பதினொரு பெண்களோடு இருந்து கதைத்தேன். இரண்டு மணித்தியாலம், குறையில்லை. பிளேன்ரீ குடித்து முடிய, ஆளுக்கு 300 ரூபாய் போக்குவரத்துக் காசு கொடுப்பதற்காக நிறுவனம் தந்த படிவத்தை எடுத்தேன். மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. முன்னால் இருந்த அம்மா படிவத்தை வாங்கி, திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் பார்த்தார். "பிள்ளை, இது ஆற்றை கைக்குப் போகும்?" என்று கேட்டார். முகாமில், மீள்குடியேற்றத்தில், வீட்டுத்திட்டத்தில், காணாமல் போன மகனுக்கான பதிவில் என்று அவர் கையெழுத்து வைத்த கடதாசிகளை அடுக்கினால் என்னுடைய ஆய்வேட்டை விட உயரம் வரும். நாலு பேர் காசு வேண்டாம் என்று எழும்பிப் போனார்கள். இரண்டு பேர், தாங்கள் சொன்னதையும் வெட்டிவிடச் சொன்னார்கள். வெட்டினேன். அன்றைய பதிவில் நான் எதிர்பார்த்துப் போன கதை அந்த இரண்டு பேருடையதுதான்.

அடுத்த விண்ணப்பத்தில் இதை முன்கூட்டியே எழுதினேன். தொடரிலக்கம் அடித்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று. பெயருக்குப் பதிலாக "ஒட்டு-07" போல ஒரு குறி, திகதி, தொகை. கீழே என் கையெழுத்தும் களத்தில் கூட இருந்தவரின் கையெழுத்தும். குறிக்கும் பெயருக்கும் இணைப்புப் பட்டியல் வைப்பதில்லை. இதைச் செலவு விளக்கத்தில் ஒரு விதமாகவும் ஒழுக்கநெறிக் குழு விண்ணப்பத்தில் வேறு விதமாகவும் எழுதாதீர்கள். இரண்டிலும் ஒரே வசனம் இருக்கட்டும். நிதி தருபவர்களின் கணக்குப் பிரிவிடமிருந்து "சரி" என்று ஒரு மின்னஞ்சலும் வாங்கி வையுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னர். பிறகு கேட்டால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஓட்டோவுக்கு, ஊரில் ஒரு ஓட்டோக்காரரை நாள் கணக்கில் பேசி, ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். சொந்த மோட்டார் சைக்கிள் என்றால் புறப்படும்போதும் திரும்பும்போதும் கிலோமீற்றரைக் கொப்பியில் குறித்து வாருங்கள். எனக்கு அந்தக் கொப்பி போதுமாக இருந்தது.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. ஏழு சபை வேண்டாம். ஏழையும் எடுத்தால் வாசிக்கிறவர் ஏன் என்று கேட்பார், மாவட்டத்தில் அவ்வளவுதான் இருக்கிறது என்பது பதிலாகாது. உங்கள் விடயத்துக்குள்ளேயே நல்ல கேள்வி ஒன்று கிடக்கிறது. சட்டப்படி வட்டார வேட்பாளர்களில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் (வட்டாரத்தில் நில்லாமல், கட்சிக்குக் கிடைக்கும் வாக்கின்படி உறுப்பினராகிறவர்களின் பட்டியல்) 50 வீதமும் பெண்களாக இருக்க வேண்டும். அதனால் 2018இல் முதல் தடவை ஒதுக்கீட்டோடு வந்த பெண்களில் கனபேர் பட்டியலால் வந்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு வட்டாரம் இல்லை. வட்டாரம் இல்லாத உறுப்பினர் எந்த வீதிக்குக் கிரவல் கேட்பார்? கேட்டால், அந்த வட்டாரத்து உறுப்பினர் சும்மா இருப்பாரா? வட்டாரத்தில் வென்ற பெண் இருக்கும் சபை ஒன்று, எல்லாப் பெண்களும் பட்டியலால் வந்த சபை ஒன்று. இந்த இரண்டும் போதும். முதல் பக்கத்திலேயே இதை எழுதுங்கள், "பெண்களின் அரசியல் பங்கேற்பு மிக முக்கியமானது" என்று தொடங்காமல்.

கணக்குப்பிள்ளை:

நான் ஆய்வாளன் இல்லை. பல்கலைக்கழகமொன்றின் நிதிக் கிளையில் வேலை செய்தவன், விரிவுரையாளர்கள் திட்டுகிற அந்த ஆள்.

எங்களிடம் வந்து சிக்குவது பெரும்பாலும் முற்பணம்தான். முதல் முற்பணத்துக்குக் கணக்குக் காட்டாமல் இரண்டாவதைத் தர முடியாது. கணக்காய்வுக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஒரே தடவையில் பெரிய தொகை எடுக்காமல், ஒரு களப் பயணத்துக்கு ஒரு முற்பணம் என்று எடுங்கள். ஒலிப்பதிவுக் கருவி, மடிக்கணினி போன்றவை கொள்வனவு முறைப்படி விலைமனு கோரித்தான் வாங்க முடியும். அதற்குப் போகிற மாதங்களையும் நாட்காட்டியில் போடுங்கள்.

ரூபாயை மட்டும் நம்பி எழுத வேண்டாம். 2021 கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபாய், 2022 ஜூன் கடைசியில் 470. எங்கள் விரிவுரையாளர் ஒருவர் போக்குவரத்துக்கு எழுதிய தொகை அரைவாசி வழியில் முடிந்துவிட்டது. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மனிதர் 4 லீற்றருக்கு எத்தனை நேர்காணல் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டொலரில் நிதி எடுத்தவருக்கு அதே நேரம் மறுபக்கம் பிரச்சினை: டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏற, கணக்கில் எதிர்பாராத காசு. அதைச் செலவழிக்கலாமா, திருப்ப வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. ஆகவே போக்குவரத்தைக் கிலோமீற்றரிலும் காட்டுங்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு மாற்றலாம், நாணய மாற்றில் வரும் மிச்சம் யாருக்கு, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

மன்னார்க்காற்று:

பாலைப்பழம் அக்கா சொன்னதோடு காலத்தையும் பாருங்கள். சபைகளில் பாதீட்டு விவாதம் நடப்பது கார்த்திகை, மார்கழியில். நீங்கள் போக வேண்டிய ஒழுங்கைகளில் அப்போது முழங்கால் வெள்ளம். தை, மாசியில் காலபோக அறுவடை, சங்கப் பெண்கள் வயலில் நிற்பார்கள். விவாதத்தை நேரில் பாருங்கள், நேர்காணலைப் பங்குனிக்குப் பிறகு வையுங்கள். பழைய கூட்டறிக்கைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே எழுதிப் போடலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதற்கு நிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தேர்தலைச் சுற்றி அட்டவணை போடுகிறவர்களுக்கும் ஒன்று: 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தலை நம்பி நான் எல்லாம் எழுதினேன். காசில்லை என்று தள்ளிப் போனது. நடந்தது 2025 மே 6இல். மேலதிகப் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீடித்துத் தரும்படி இரண்டு தடவை கடிதம் எழுதினேன். முதல் தடவை தந்தார்கள்.

நல்லிணக்கம் பற்றி: காசு தருபவர்களுக்குப் பிடித்ததை ஆய்வுக்குள் செருகுகிற இந்த வியாதி எங்களுக்கு மட்டுமில்லை. 2013இல் அமெரிக்கக் காங்கிரஸ், அவர்களின் தேசிய விஞ்ஞான மன்றம் அரசியல் விஞ்ஞானத்துக்குக் காசு கொடுப்பதென்றால் அது தேசியப் பாதுகாப்புக்கோ பொருளாதார நலனுக்கோ உதவ வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. அடுத்த வருடமே அது போய்விட்டது. கிரவல் வீதி பற்றிய ஆய்வில் நல்லிணக்கத்தை எங்கே செருகுவது என்று சேரிடமே கேளுங்கள்.

முறிகண்டிக்கச்சான்:

நன்றி. நான் தங்கச்சிதான் அக்கா.

இரண்டு சபையாகக் குறைத்து முதல் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். சேர் வாசித்துவிட்டு நல்லிணக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கிரவலுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தார். குறியீட்டுப் பற்றுச்சீட்டுப் பற்றி நிறுவனத்துக்கு எழுதினேன், இன்று பதில் வந்தது. சம்மதமாம். ஒரு நிபந்தனை: கூடக் கையெழுத்து வைப்பவர் என் உறவினராக இருக்கக் கூடாது. களத்துக்கு என்னோடு வருவதாக இருந்தது என் சித்தியின் மகள். புதுச் சப்பாத்தும் வாங்கிவிட்டாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.