வீடு கட்டும் வேலைக்கு ஒரே நோட்டு போதுமா?

மைக்கூடு:
800 சதுர அடி வீடு, எட்டு மாத வேலை, வீட்டுக்காரரே கூட நின்று பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். வேலைகளைக் குறித்துவைக்க அவருக்கு ஆப், எக்செல் எதுவும் வேண்டாம், 192 பக்க பைண்டிங் நோட்டு ஒன்று போதும் என்பது என் கட்சி. முறை, அமெரிக்க டிசைனர் ரைடர் கரோல் 2013-ல் வெளியிட்ட புல்லட் ஜர்னல்தான்: வேலை, தகவல், நிகழ்வு எல்லாவற்றையும் சிறு குறிகளோடு ஒரே நோட்டில் எழுதுவது. (வாஷி என்ற வண்ணக் காகித டேப் ஒட்டிப் பூ வரைவதெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது. அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

முதல் வேலை, எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுவது. 1 முதல் 4 வரை பொருளடக்கம். 5 முதல் 8 வரை வரப்போகும் மாதங்கள்: பக்கத்துக்கு மூன்று மாதம், மொத்தம் ஒரு வருடம். மாதம் பிறக்கும்போது இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் தேதிகள் மேலிருந்து கீழாக, வலப்பக்கம் அந்த மாத வேலைகள். மற்றதெல்லாம் அன்றாடக் குறிப்பு. வாங்கும்போதே ஒரு பக்கத்தில் எத்தனை கோடு என்று எண்ணிவிடுங்கள். 31-க்குக் குறைந்தால் தேதிகள் ஒரே பக்கத்தில் அடங்காது.

வேலைக்குப் புள்ளி, தகவலுக்குச் சிறு கோடு, நிகழ்வுக்கு வட்டம். ஏன் புள்ளி? முடிந்தால் அதன் மேலேயே × போடலாம், அடுத்த மாதத்துக்குப் போனால் அதன் மேலேயே > இழுக்கலாம், தூரத்து மாதத்துக்குப் போனால் <. கட்டம் போட்டு டிக் அடிப்பவர்களுக்கு முடிந்தது, முடியாதது இரண்டுதான் தெரியும். தள்ளிப்போனதும் முடியாததும் ஒரே மாதிரி காலியாகக் கிடக்கும்.

நாளுக்கு அரைப் பக்கம் என்றால் மாதத்துக்கு 15, மாதப் பக்கம் 2, தனிப் பட்டியல்களுக்கு 5. ஆக 22. மீதியுள்ள 184 பக்கத்தில் எட்டு மாதம் ஓடிவிடும்.

தூக்குக்குண்டு:
நோட்டு ஓடும், வேலை தவறும். "ஏசி டிரெயின் பைப்புக்கு வழி விடணும்" என்பது ஜூன் மாத வேலையா, ஜூலை மாத வேலையா? இரண்டும் இல்லை. சுவர் எழும்போது செய்ய வேண்டிய வேலை. கட்டட வேலை தேதியைப் பார்த்து நகர்வதில்லை. முந்தைய கட்டம் முடிந்ததா என்பதைப் பார்த்து நகர்கிறது. பத்து நாள் மழை பெய்தால் மாதப் பக்கம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

மாதக் கடைசியில் 40 புள்ளி திறந்து கிடக்கும். அத்தனையையும் கையால் எடுத்தெழுதச் சொல்கிறது இந்த முறை. பிழை நுழைவதே அங்கேதான். "8 எம்எம் கம்பி, 150 மி.மீ.க்கு ஒன்று" என்பது எடுத்தெழுதும்போது 180 ஆகிவிட்டால் எந்தக் குறியீடு காட்டிக்கொடுக்கும்? தளத்துக்குள் புதைக்க வேண்டிய ஃபேன் பாக்ஸ் கான்கிரீட் போட்ட மறுநாள் நினைவுக்கு வந்தால் அப்புறம் துளைபோடும் டிரில்லர்தான்.

நான் சொல்வது ஏ5 தாளும் இரண்டு வளைய ஃபைலும். ஆபீஸ் பஞ்ச் மெஷினில் இரண்டு துளைக்கும் இடைவெளி 80 மி.மீ., ஏ4-க்கும் ஏ5-க்கும் அதேதான், தனி மெஷின் வேண்டாம். கட்டத்துக்கு ஒரு தாள்: அஸ்திவாரம், பேஸ்மெண்ட் (தரைமட்டத்துக்கு மேல் எழும் பீடம்), லிண்டல் (வாசல், ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), ரூஃப், பூச்சு, தரை. ரூஃபில் செய்ய வேண்டியது அஸ்திவாரம் தோண்டும்போது தோன்றினாலும் நேராக ரூஃப் தாளில் போய் உட்காரும். எடுத்தெழுதும் பேச்சே இல்லை.

மைக்கூடு:
எடுத்தெழுதுவது அலுப்பாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த முறையே வைத்திருக்கிறது. 40 வரியை மறுபடி எழுதக் கை வலித்தால், 15 வரி தேவையே இல்லை என்று அப்போதுதான் தெரியும். மூன்றாவது முறை > வாங்கும் வரியை அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அடித்துவிடுங்கள், அல்லது உடையுங்கள். "பிளம்பர்" என்று எழுதிய வரி மூன்று மாதம் சுற்றுவதில் வியப்பில்லை, அதில் செய்வதற்கு எதுவுமே இல்லை. "குளியலறைத் தரை வாட்டம் எந்தப் பக்கம் என்று பிளம்பரிடம் கேள்" என்றால் ஒரு போனில் முடியும்.

அளவை எடுத்தெழுதச் சொன்னது யார்? அளவு ஒரே இடத்தில், ஒரே முறை எழுதப்படும். அடுத்த மாதத்துக்குப் போவது "ரூஃப் கம்பி சரிபார், ப.52" என்ற வரி மட்டும்.

பேரேடு:
இரண்டு பேர் சொல்வதிலும் ஓட்டை இருக்கிறது.

தூக்குக்குண்டு சார், உதிரித்தாள் சைட்டுக்கு ஆகாது. துளை கிழியும், கிழிந்த தாள் பையில் மடியும், பையோடு சலவைக்குப் போகும். அதைவிட முக்கியம் நம்பகம். பொதுப்பணித் துறையில் எம்-புக் (செய்த வேலையின் அளவை எழுதும் புத்தகம்) ஏன் பைண்டிங்கில், பக்க எண் அச்சிட்டு வருகிறது? தாளைக் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, தவறு என்றால் ஒரு கோடு அடித்துச் சரியானதை எழுதி இனிஷியல் போட வேண்டும். பில் தகராறில் நிற்பது அந்த ஒழுங்குதான். கான்ட்ராக்டரோடு கணக்குப் பேசும்போது "இந்தத் தாளை நேற்றுச் சொருகினீங்க" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

மைக்கூடு, உங்கள் நோட்டில் மற்றவர் கையில் இருக்கும் வேலைக்கு இடமே இல்லை. வீட்டு வேலையில் பாதி அதுதான்: மின்வாரிய விண்ணப்பம், ஜன்னல் கிரில் ஆர்டர், தச்சர் தர வேண்டிய கொட்டேஷன். இவற்றுக்குப் புள்ளி போட்டால் நாம் செய்ய வேண்டிய வேலை போலத் தினமும் முறைத்துக்கொண்டு நிற்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, பின்னாலிருந்து முன்னோக்கி ஒரு பதிவேடு தொடங்குங்கள். நான்கு பத்தி: யார், என்ன, எந்தத் தேதியில் சொன்னோம், எப்போது திரும்பக் கேட்பது. நான்காவது பத்தி காலியாக இருந்தால் அந்த வரிக்கு உயிரில்லை.

கெடுவும் அப்படித்தான், எழுதும்போதே எண்ணிப் போட வேண்டும். ரூஃப் கான்கிரீட் 6-ம் தேதி, சிமெண்ட் பிபிசி (சாம்பல் போன்றவை கலந்தது) என்றால் தண்ணீர் காட்டுவது, அதாவது கியூரிங், குறைந்தது 10 நாள். அன்றே 16-ம் தேதிக் கோட்டில் "கியூரிங் 10 நாள்" என்று விழ வேண்டும். கலப்பில்லாத சாதா சிமெண்டான ஓபிசிக்கு 7. தளத்தைத் தாங்கும் முட்டைப் பிரிப்பதற்கு, தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 ஓபிசிக்குச் சொல்லும் கணக்கு. பிபிசி என்றால் இன்ஜினியர் கூட்டிச் சொல்வார், அந்தத் தேதியையும் போடுங்கள். நோட்டுக்கு அலாரம் கிடையாது. தேதிக் கோட்டில் இல்லாதது காதில் விழாது.

தூக்குக்குண்டு:
எம்-புக் அளவு எழுதும் புத்தகம், வேலைப் பட்டியல் அல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள். கட்டத்துக்கு ஒரு தாள் என்ற என் வாதத்துக்குப் பதில் வரவில்லையே.

மைக்கூடு:
வருகிறேன். அதை ஏற்கிறேன், ஃபைலை ஏற்கவில்லை. வருங்காலப் பக்கத்துக்குப் பின்னால் 9 முதல் 20 வரை பன்னிரண்டு பக்கம், கட்டத்துக்கு இரண்டாக ஒதுக்கினால் உங்கள் ஆறு தாளும் பைண்டிங்குக்குள் வந்துவிடும். இடம் போதாவிட்டால் பக்கத்தின் கீழ் மூலையில் தொடரும் எண்: 16-ன் மூலையில் "→ 71", 71-ன் மூலையில் "← 16". இரண்டாம் நோட்டு வந்துவிட்டால் "2.14", இரண்டாம் நோட்டு 14-ம் பக்கம். 12 பக்கம் போனதால் எட்டு மாதக் கணக்கில் அரை மாதம் குறையும், ஒத்துக்கொள்கிறேன்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை ரூஃப் பக்கத்தில் × இல்லாத புள்ளி ஒன்று இருந்தாலும் மிக்ஸருக்குச் சொல்லக் கூடாது. கண்டியூட் (ஒயர் ஓடும் குழாய்), ஃபேன் பாக்ஸ், மழைநீர்க் குழாய், கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் கட்டை), எல்லாம் அங்கே ஒரே பார்வையில் தெரியும்.

பேரேடு:
பொருளடக்கத்துக்கும் ஒன்று. எழுதிய வரிசையில் இல்லாமல் எழுத்து வரிசையில் வையுங்கள். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1686-லேயே இதற்கொரு வழி வெளியிட்டார்: சொல்லின் முதல் எழுத்தும் அதை அடுத்து வரும் முதல் உயிரும் சேர்ந்து ஒரு கட்டம், இரண்டே பக்கத்தில் முழு அட்டவணை. தமிழில் இன்னும் சுலபம், சொல்லுக்கு முதலில் வரும் மெய்கள் கொஞ்சம்தான்: க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ. உயிருக்கு ஒரு வரிசை சேர்த்தால் பத்து. ஆனால் சைட் பாஷைக்கு இலக்கணம் தெரியாது. லிண்டல், டைல்ஸ், ரூஃப், ஜல்லி என்று வந்து நிற்கும். ட, ர, ல, ஜ நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூக்குக்குண்டு:
பேனா? ஜெல் பேனா எழுத்தில் கியூரிங் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் 150 எது 180 எது என்று தெரியாது.

மைக்கூடு:
சாதா பால்பாயிண்ட். அதன் மை எண்ணெய்ப் பசை, நனைந்தாலும் ஓடாது. மெல்லிய தாள் என்றால் அழுத்தாமல் எழுதுங்கள், பின்பக்கத்தில் தடம் விழும்.

தூக்குக்குண்டு:
இவ்வளவும் சரி. மேஸ்திரி உங்கள் நோட்டைப் படிக்க மாட்டார். வாயால் சொன்னதை மறுநாள் "நீங்க சொல்லலையே" என்பார். அதற்குக் கார்பன் டூப்ளிகேட் புத்தகம்தான் மருந்து. மேல்தாள் அவருக்கு, நகல் நமக்கு. அப்போது இரண்டு நோட்டு ஆகிவிட்டதே, தலைப்பை மாற்றிவிடலாமா?

மைக்கூடு:
சீட்டுப் புத்தகம் அனுப்புவதற்கு, நோட்டு வைத்திருப்பதற்கு. சீட்டு கொடுத்த அன்றே அன்றாடக் குறிப்பில் ஒரு வரி: "சீட்டு 14, சன்ஷேட் 2 அடி, மேஸ்திரியிடம்." திரும்பக் கேட்கும் தேதி பேரேடு சொன்ன நான்காவது பத்தியில். தலைப்பு அப்படியே இருக்கட்டும்.