பிரிட்டனில் டிஜிட்டல் டிவி மாற்றத்தின்போது இருந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். ஆன்டெனா டிவி அனலாகிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபோது நாடுகள் போட்ட சட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டன் பகுதிக்கு உங்கள் உதவி வேண்டும்.

அமெரிக்கா விஷயம் எளிது. அனலாக் ஒளிபரப்புக்கான கடைசித் தேதியைச் சட்டத்திலேயே எழுதினார்கள்: 2009 பிப்ரவரி 17. பழைய டிவியில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பார்க்க உதவும் கன்வெர்ட்டர் பெட்டி வாங்கத் தந்த 40 டாலர் கூப்பனுக்கான நிதிக்குத் தட்டுப்பாடு வந்ததும், இன்னொரு சட்டம் போட்டு ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார்கள்.

பிரிட்டன்தான் சுவாரசியம். 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குப் பெட்டி கொடுத்து, வீட்டுக்கே வந்து மாட்டித்தர பிபிசி ஒரு திட்டம் நடத்தியது. ஆனால் யாருக்கு என்ன வயது, யார் உதவித்தொகை வாங்குகிறார் என்ற விவரமெல்லாம் அரசிடம்தான் இருந்தது. அதை பிபிசிக்குக் கொடுப்பதற்கென்றே 2007-ல் தனிச் சட்டம்! அந்த விவரத்தைப் பெற்றவர் அனுமதியில்லாமல் அதை வெளியே விட்டால் குற்றம். ஒரு செட்டாப் பாக்ஸுக்கு இவ்வளவா என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அந்தக் கவனம் பிடித்திருக்கிறது.

லண்டனில் 2012 ஏப்ரலில் அனலாக் நின்றது. அப்போது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது இந்தத் திட்டத்தின் கடிதம் வந்ததா? இந்த உதவிக்கு 40 பவுண்டு கட்டினீர்களா, இலவசமாகக் கிடைத்ததா? தமிழ் மட்டுமே தெரிந்த அம்மம்மா, அப்பப்பாவுக்குப் பெட்டி மாட்ட வந்தவர் எப்படி விளக்கினார்? அப்புறம், பழைய கடிதம் எங்காவது கிடந்தால் பெயர், முகவரியை மறைத்துவிட்டுப் படமெடுத்து இங்கே போடுங்கள். பின்னூட்டத்தில் இரண்டு வரி எழுதினாலும் போதும்.