ஹைபிரிட் பட்டரி முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா? திருகோணமலையிலிருந்து ஓர் உதவி கோரல்

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரிக்கப்பட்டு, அங்கு சில ஆண்டுகள் ஓடியபின் இங்கு இறக்குமதியாகி, 2019இல் என் கைக்கு வந்த 1500 சிசி ஹைபிரிட் கார். பட்டரி நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகையைச் சேர்ந்தது. உள்ளே 20 மொடியூல்கள், அதாவது ஒன்றோடொன்று கோத்த சிறு பட்டரிகள்; பெயரளவில் 144 வோல்ட். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றேதான் தவிர்த்திருக்கிறேன். எழுதினால் அந்த நிறுவனத்தின் அபிமானிகள் ஒரு பக்கமும் எதிரிகள் மறு பக்கமுமாகக் கூடிவிடுவார்கள், என் கேள்வி நடுவில் காணாமற் போய்விடும்.

வீடு கடற்கரைக்கு மிக அருகில் இருக்கிறது. பாடசாலை மூதூரில் என்பதால் வாரத்தில் ஐந்து நாட்கள் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போய் வருகிறேன். கச்சான் காற்று வீசத் தொடங்கிய பின்னர் ஒரு நாள், நண்பகலில் ஏ.சி. போட்டபடி ஒரு லொறியை முந்துவதற்காக வேகமெடுத்தபோது டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பின் ஆசனத்தடியில் மின்விசிறி பெரிதாக இரைந்தது. இழுவை சட்டென்று குறைந்தது. வண்டி நிற்கவில்லை. கராஜில் ஸ்கேனரால், வண்டியின் கணினி பதிந்திருந்த பிழைக் குறியீட்டை அழித்துத் தந்தார்கள். அதன் பிறகு இரண்டு வாரங்களில் நான்கு முறை அதே விளக்கு எரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வெயில் நேரத்தில், வேகமெடுக்கும்போதுதான்.

குறியீடு ‘பி0ஏ80’. அதைப் பார்த்தவுடனேயே முதல் கராஜில் பட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மீள்கட்டமைத்த பட்டரிக்கு 2,85,000 ரூபாய். என் பழைய பட்டரியை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாவது கராஜில் இரண்டு மொடியூல்களை மாற்றினாற் போதும், 40,000 ரூபாய் என்றார்கள். எவை அந்த இரண்டு என்று கேட்டேன். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். திறப்பதற்கு முன்னரே எண்ணிக்கை எப்படித் தெரிந்தது என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

நானே செய்தது ஒன்றுதான். பட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தின் வடியைக் கழற்றிப் பார்த்தேன். மகள் பின்னால் இருந்து சீவிய பென்சில் சீவல்களும் தலைமுடியும் சாம்பல் நிறத் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தன. சுத்தம் செய்த பிறகு மின்விசிறியின் இரைச்சல் குறைந்தது. விளக்கு மட்டும் மறுபடியும் வந்தது. இரண்டு கராஜ்களில் எவர் சொல்வது சரி என்று அறிய விரும்புகிறேன்.

கந்தளாய் வாசகர் எழுதியது:

விற்றுவிடுங்கள் டீச்சர். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். பழைய ஹைபிரிட் கார்களுக்கு இன்றிருக்கும் விலை என்றும் நிலைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

சிவப்பு முக்கோணத்தோடு விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். குறையை மறைத்து விற்க எனக்கு மனம் வராது. ஆகவே முதலில் குறை என்னவென்று தெரிய வேண்டும்.

கிண்ணியா மின்னியலாளர் எழுதியது:

டீச்சர், இரு கராஜ்களுமே அளந்து பார்க்காமல் விலை சொல்லியிருக்கின்றன என்பதுதான் என் முதல் அபிப்பிராயம். அந்தக் குறியீட்டின் ஆங்கிலப் பெயரே ‘பட்டரியை மாற்றுக’ என்ற பொருளில் இருப்பதால் பலர் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். பட்டரியைக் கண்காணிக்கும் கணினிக்குத் தெரிந்ததோ மிகக் கொஞ்சம். உங்கள் பட்டரியில் இரண்டிரண்டு மொடியூல்கள் சேர்ந்து ஒரு புளொக் ஆகின்றன. ஆக மொத்தம் பத்துப் புளொக்குகள். கணினி ஒவ்வொரு புளொக்கின் வோல்ட்டளவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்று மற்றவற்றிலிருந்து அளவுக்கு மீறி விலகினால் குறியீட்டை எழுதிவிடுகிறது. அந்த விலகல் மொடியூலுக்குள் பிறந்ததா, வெளியே இணைப்பில் பிறந்ததா என்பதை அது அறியாது.

புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றையும், ஹைபிரிட் பட்டரியின் புளொக் அளவுகளைத் தனித்தனியே காட்டும் செயலி ஒன்றையும் இரவல் வாங்குங்கள். வண்டியை மற்றொருவர் ஓட்ட, நீங்கள் மூன்று நிலைகளில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, வண்டி நின்று பட்டரியில் மின்னோட்டம் ஏறத்தாழப் பூச்சியமாக இருக்கும்போது. இரண்டாவது, வேகமெடுக்கும்போது. மூன்றாவது, பிரேக் பிடிக்கையில் பட்டரிக்குள் மின்சாரம் ஏறும்போது. ஒவ்வொரு தடவையும் எத்தனை அம்பியர் ஓடியது என்பதையும் எழுத மறக்க வேண்டாம். அது இல்லாத வோல்ட் எண்ணால் பயன் எதுவும் இல்லை.

மருதானைக்காரர் எழுதியது:

மீள்கட்டமைத்த பட்டரிகளை ஏற்றி இறக்கிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டு கடந்த பட்டரியில் இன்று ஒரு மொடியூல் போகும், மூன்று மாதத்தில் இன்னொன்று போகும். ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருப்பதை விட ஒரேயடியாக மாற்றிவிட்டு உத்தரவாதத்தோடு ஓடுவது நிம்மதி.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

தம்பியை ஓட்டச் சொல்லி, நிலாவெளி வீதியில் போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் அளவுகளை எடுத்தேன். நிற்கும்போது பத்துப் புளொக்குகளும் 15.6 வோல்ட், ஒன்றிரண்டு மட்டும் 15.7. வேகமெடுத்து 60 அம்பியர் ஓடியபோது ஒன்பது புளொக்குகள் 14.2 வரை இறங்கின. ஏழாவது மட்டும் 13.0. பிரேக் பிடித்து 40 அம்பியர் உள்ளே வந்தபோது மற்றவை 16.5, ஏழாவது 17.3. இன்னொன்றையும் கவனித்தேன்: தம்பி அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்த அந்தக் கணமே ஏழாவது புளொக் மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொண்டது. மெல்ல மெல்ல ஏறவில்லை.

கிண்ணியா மின்னியலாளர் எழுதியது:

கடைசியாக நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிகள் ஸ்கேனர் எண்களை விடப் பெறுமதியானவை.

கணக்கைப் பாருங்கள். வேகமெடுக்கும்போது ஏழாவது புளொக் மற்றவற்றை விட 1.2 வோல்ட் தாழ்வாக இருக்கிறது. அதை 60 அம்பியரால் வகுத்தால் 0.02 ஓம். பிரேக் பிடிக்கும்போது 0.8 வோல்ட் உயர்வாக இருக்கிறது. 40 அம்பியரால் வகுத்தால் மறுபடியும் அதே 0.02 ஓம். மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடினாலும், எவ்வளவு ஓடினாலும், ஒரே அளவான மேலதிக மின்தடை அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மொடியூல் ஒன்றுக்குள் ஆறு கலங்கள் உண்டு, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். அவற்றில் ஒன்று செத்திருந்தால், வண்டி நிற்கும்போதே ஏழாவது புளொக் ஏறக்குறைய 1.2 வோல்ட் குறைவாகக் காட்டியிருக்கும். உங்களுக்கு அப்படிக் காட்டவில்லை. கலம் சாகாமல் கொள்ளளவு மட்டும் குறைந்திருந்தால், ஓட ஓட அதன் வோல்ட் வழுக்கிக்கொண்டே போயிருக்கும். காலை எடுத்த பின்னரும் மீள்வதற்கு நேரம் எடுத்திருக்கும். உங்களுடையதோ மின்னோட்டத்தோடு பிறந்து மின்னோட்டத்தோடு மறைகிறது.

ஆகவே என் சந்தேகம், மொடியூல்களை ஒன்றோடொன்று இணைக்கும் செம்புத் தகடுகளின் மீதுதான். பட்டரியைக் குளிர்விக்கும் மின்விசிறி வண்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினால், பாலத்தின் மேல் வீசும் உப்புக் காற்று நேரே பட்டரிப் பெட்டிக்குள் போகிறது. செம்புக்கு உப்பு என்றால் சொல்லவும் வேண்டுமா? கோயில் குத்துவிளக்கை ஒரு மாதம் புளி போட்டுத் துலக்காமல் விட்டுப் பாருங்கள். வெயில் நேரத்தில் மட்டும் விளக்கு எரிவதற்கும் இது பொருந்துகிறது: ஏ.சி. பட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க, அதே நேரத்தில் நீங்கள் வேகமெடுக்க, மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும்போதுதான் அந்தத் தடை வெளியே தெரிகிறது.

திறப்பதை நீங்களோ தம்பியோ செய்ய வேண்டாம். 144 வோல்ட் நேர் மின்னோட்டம் பிடித்தால் விடாது. பட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறச் சேவிஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடமாவது பொறுத்த பின்னரும் மொடியூல்களுக்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மின் காப்புக் கையுறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். அவர் கையுறை இல்லாமல் தொடங்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மட்டக்களப்பு வாசகர் எழுதியது:

விடயத்தோடு தொடர்புடையது என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். உற்பத்தியாளரின் வழியில் கேட்டால் பட்டரி ஒரே தொகுதியாகத்தான் வருகிறது. மொடியூலோ தகடோ தனியே கிடைப்பது அரிது. பழையதும் புதியதும் கலந்தால் பட்டரி சமநிலை இழக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் இந்த முடிவு ஜப்பானை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். அங்கு புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ‘ஷாக்கென்’ என்னும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவைப் பார்த்தே பலர் நல்ல வண்டியைக் கைமாற்றிவிடுகிறார்கள். அவர்கள் கைவிட்ட வண்டி இங்கே ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சொத்தாகிறது. பத்தாவது ஆண்டுக்குப் பிறகு இந்த வண்டியை யார், எங்கே, எந்தக் காற்றில் ஓட்டுவார்கள் என்பதை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நிக்கல் பட்டரியையே பழசு என்று ஒதுக்குபவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 1997 டிசம்பரில் டொயோட்டா தன் முதல் பிரியஸ் ஹைபிரிட் காரை நிக்கல் பட்டரியோடுதான் விற்பனைக்கு விட்டது. 2021 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை அக்வா காரிலும் புதிய வகை நிக்கல் பட்டரியைப் பொருத்தியது. முரட்டுத்தனமாகப் பாவித்தாலும் பொறுத்துக்கொள்வதுதான் அதன் குணம். இந்த இழையில் பழுதென்று சொல்லப்படுவதும் நிக்கல் அல்ல, செம்பு.

மருதானைக்காரர் எழுதியது:

தகட்டைத் துலக்கிவிட்டால் வயது குறைந்துவிடுமா?

கிண்ணியா மின்னியலாளர் எழுதியது:

குறையாது. உங்கள் கூற்றில் பாதி சரி: பட்டரிக்கு வயதாகிவிட்டது, ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் கொடுக்கும் மீள்கட்டமைத்த பட்டரியின் மொடியூல்களும் இன்னொருவரின் பழைய வண்டியிலிருந்து வந்தவைதானே? பழைய பட்டரியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனை எதற்கென்று டீச்சருக்கும் இப்போது விளங்கியிருக்கும். அவருடைய எண்களின்படி அந்த 20 மொடியூல்களும் துலக்கினால் வேலை செய்யக்கூடியவை. அடுத்த வாடிக்கையாளருக்கு விற்கும் பட்டரியில் அவை போய் உட்காரும்.

இரண்டாவது கராஜைப் பற்றி ஒரு வேடிக்கை. அவர்கள் இரண்டு மொடியூல்களை மாற்றியிருந்தால், கழற்றிப் பூட்டும்போது தகடுகளையும் துடைத்திருப்பார்கள், விளக்கும் அணைந்திருக்கும். மொடியூல்தான் பழுது என்று அவர்களும் நம்பியிருப்பார்கள், நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உட்துறைமுக வீதிப் பக்கத்தில் சிறிய கராஜ் நடத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். கையுறை வைத்திருந்தார்; அதைக் காற்றூதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அணிந்தார். பின் ஆசனத்தைத் தூக்கி, பட்டரியை வெளியே எடுத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பெரும்பாலான தகடுகள் மங்கலான செம்பு நிறத்தில் இருந்தன. 13ஆம், 14ஆம் மொடியூல்களை இணைக்கும் தகடு மட்டும் பாசி பிடித்த கிணற்றுப் படி போலப் பச்சையாக இருந்தது. அதை இறுக்கும் சுரையை (நட்) சுற்றி உப்புப் பூத்திருந்தது. சுரையைக் கழற்றித் தகட்டைத் திருப்பியபோது, தொடும் பரப்பு முழுவதும் கறுத்திருந்தது.

இருபது மொடியூல்களின் தகடுகளையும் கழற்றி, வினாகிரியும் உப்பும் கலந்து ஊறவைத்து, கழுவிக் காயவைத்து, மெல்லிய அரத்தாளால் தேய்த்தார். மொடியூல்களின் முனைகளையும் அப்படியே தேய்த்தார். பூட்டும்போது இறுக்கம் அளக்கும் சாவியில் 5.4 நியூட்டன் மீற்றர் வைத்துத்தான் சுரைகளை இறுக்கினார். கூடினால் பிளாஸ்ரிக்குக்குள் இருக்கும் திருகுமுனை கழன்றுவிடும் என்றார். கூலி 18,000 ரூபாய்.

நேற்று அதே நிலாவெளி வீதியில் மறுபடியும் அளந்தோம். 60 அம்பியரில் மற்றவை 14.2, ஏழாவது 14.1. அந்த 0.1 ஏன் மிஞ்சியது? தகடுகளுக்கு மேல் கிறீஸ் ஏதாவது பூசலாமா?

கிண்ணியா மின்னியலாளர் எழுதியது:

0.1 பற்றிக் கவலை வேண்டாம் டீச்சர். நீண்ட காலம் மற்றவற்றை விடச் சூடாக இருந்த முனை அது, கொஞ்சம் தேய்ந்திருக்கும். கிறீஸைத் தகட்டுக்கும் முனைக்கும் நடுவில் பூச வேண்டாம். இறுக்கி முடித்த பிறகு, வெளிப்புறத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசலாம். அடுத்த முறை திறக்க நேர்ந்தால் நிக்கல் முலாம் பூசிய தகடுகளைத் தேடிப் போடுங்கள். பாலத்தைக் கடக்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் ஓடுங்கள், வடியை மாதம் ஒரு முறை பாருங்கள். வாடைக் காற்று முடிந்ததும், தை மாதமளவில், இதே அளவுகளை மறுபடியும் எடுங்கள். ஏழாவது மட்டும் விலகினால், மொடியூலுக்குள் இருக்கும் மின்பகுதிரவம் அந்த முனையிலிருந்து கசிகிறதென்று பெரும்பாலும் பொருள். அப்போது அந்த மொடியூலை மாற்றத்தான் வேண்டும்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

நன்றி ஐயா. தை மாத அளவுகளையும் இதே இழையில் எழுதுகிறேன். பின் ஆசனத்தில் பென்சில் சீவுவதற்கு மகளுக்குத் தடை விதித்தாயிற்று.